நாங்கள் போகாத கல்யாணம்

அந்த ஓவியம் வந்து சேர்ந்த அன்று அதை விரித்துப் பார்க்க எங்கள் வீட்டில் இடம் போதவில்லை. அக்காவோடு நியூயார்க்கில் ஒரே ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த நர்ஸ் ஒருத்தி லீவுக்கு ஊருக்கு வந்தபோது, அதை ஒரு நீளமான பிளாஸ்டிக் குழாயில் சுருட்டிக் கொண்டுவந்து, ராயபுரத்தில் எங்கள் வீட்டு வாசலில் கொடுத்துவிட்டுப் போனாள். நானும் அம்மாவும் கட்டிலை நிமிர்த்திச் சுவரில் சாய்த்துவிட்டுத் தரையில் விரித்தோம். விரிக்க விரிக்கச் சுருண்டுகொண்ட கித்தான் துணியின் மூலைகளில் பருப்பு டப்பாவையும் இஸ்திரிப் பெட்டியையும் கையில் கிடைத்ததையெல்லாம் கனமாக வைத்தோம். அறை முழுக்கச் சாய வாடை. அம்மா மூக்கைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு குனிந்து பார்த்தாள். பிறகு தலைப்பை எடுத்துவிட்டாள்.

அது அக்காவின் கல்யாணம். நாங்கள் யாரும் போகாத கல்யாணம். ஆனால் படத்தில் நாங்கள் இருந்தோம்.

கடற்கரையில் வெள்ளைத் துணி விரித்த நீளமான மேஜை. அந்தக் கடல் எங்கள் கடலைப் போலச் சாம்பல் கலந்த நீலம் இல்லை. கண்ணாடி வளையல் பச்சை. வலது பக்கம் மாப்பிள்ளை வீட்டார், எல்லோரும் நல்ல கறுப்பு, பெண்கள் தலையில் பெரிய பெரிய தொப்பிகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறம். இடது பக்கம் அம்மா, நான். எங்களுக்குப் பின்னால் ஒட்டகச்சிவிங்கிகள் கூட்டமாக நிற்பதுபோல ஏதோ தெரிந்தது. கொஞ்ச நேரம் பார்த்த பிறகுதான் அவை துறைமுகத்துக் கிரேன்கள் என்று புரிந்தது. நடுவில் அக்கா, வெள்ளை கவுன், தலையில் மல்லிகைச் சரம். அவள் கையைத் தன் கைக்குள் வாங்கிக்கொண்டு, சிரித்தபடி நடந்து வருகிறவர் எங்கள் அப்பா. அவரை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம்.

நைனா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். இளவயதில் வெஸ்ட் இண்டீஸ் அணி சேப்பாக்கத்தில் ஆட வந்தால், நைட் ஷிப்ட் முடிந்த கையோடு கூட்டாளிகளுடன் போய் வரிசையில் நிற்பார். அந்த உயரமான பந்துவீச்சாளர்கள் ஓடி வரும் அழகை வீட்டுக்கு வந்து எங்களுக்கு நடித்துக் காட்டுவார். சமையலறையிலிருந்து வாசல்வரை ஓடி வந்து, இல்லாத பந்தை வீசுவார். நானும் அக்காவும் கட்டில்மேல் நின்று கத்துவோம். அதனால்தான் அக்கா போனில் விஷயத்தைச் சொன்னபோது தைரியமாகச் சொன்னாள் என்று நினைக்கிறேன். குவைத்தில் சில வருஷம் நர்ஸாக இருந்து, பிறகு நியூயார்க் போனவளுக்கு, அங்கே ஒரு பஸ் டிரைவரைப் பிடித்திருந்தது. வெஸ்ட் இண்டீஸில் பார்படோஸ் தீவில் பிறந்தவர். சின்ன வயதிலேயே அம்மாவோடு அமெரிக்கா வந்துவிட்டவர்.

"கிரிக்கெட் ஆடுவாரு நைனா. நீங்க கை தட்டுவீங்களே, அந்த ஊரு" என்றாள்.

நைனா போனை ஒரு காதிலிருந்து இன்னொரு காதுக்கு மாற்றினார். அப்புறம் சொன்னார்: "கை தட்றது வேற. பொண்ணு குடுக்கறது வேற."

அதற்கு மேலும் சொன்னார். நம்ம கறுப்பு வேற, அவன் கறுப்பு வேற என்றார். மாதா கோயிலில் பூசைக்குப் போனால் யார் முகத்தில் முழிப்பது என்றார். மொட்டை வெயிலில் கிரேன் கூண்டுக்குள் உட்கார்ந்து கறுத்துப்போன கையால் போனை வைத்தார். அம்மா அழுதாள். நான் அப்போதுதான் திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டு ஆபீசில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். வீட்டில் மூச்சு விடுகிற சத்தம்கூட அதிகமாகக் கேட்ட வாரங்கள் அவை. கல்யாணம் நடந்தது. யாரும் போகவில்லை. அந்த பஸ் டிரைவர்தான் இனி என் மாமா. அவர் வீட்டாரிடம் அக்கா, எங்களுக்கு விசா கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டாள்.

அதை மாமாவின் அம்மா நம்பினார். நம்பினது மட்டுமில்லை, வருத்தப்பட்டார். அவரும் ஒரு காலத்தில் தன் ஊரையும் ஜனத்தையும் விட்டுவிட்டுத் தனியாக வந்து, ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் வேலை பார்த்துப் பிள்ளையை வளர்த்தவர். ஊரில் தன் அப்பா செத்தபோது போக முடியாதவர். ரிட்டையர் ஆன பிறகு படம் வரையக் கற்றுக்கொண்டார். அத்தனை வருஷம் பனியில் வாழ்ந்தும் ஒரு தடவைகூடப் பனியை வரைந்ததில்லை, எதை வரைந்தாலும் அந்தத் தீவில்தான் போய் முடியும் என்று அக்கா சொல்வாள். உண்மையில் கல்யாணம் நடந்தது கொட்டும் பனியில்; விருந்து ஒரு சர்ச்சின் அடித்தளத்து ஹாலில், ஜன்னல் இல்லாத இடம். அதைத் தூக்கிக் கொண்டுபோய் அவர் தன் கடற்கரையில் வைத்துவிட்டார். அக்காவிடம் எங்கள் குடும்ப போட்டோ ஒன்றைக் கேட்டு வாங்கி, எங்களையும் அங்கே கொண்டுபோய் நிறுத்திவிட்டார். ராயபுரம் ஸ்டூடியோவில் எடுத்த அந்த போட்டோவில் நைனா சிரிக்கவில்லை. சிரிப்பு மாமாவின் அம்மா போட்டது.

நைனா அன்று சாயங்காலம் வந்து படத்தைப் பார்த்தார். செருப்பைக் கழற்றாமல் நின்று பார்த்தார்.

"இது இன்னா பொய்யி? நா எப்ப போனேன் அங்க?" என்றார். "சுருட்டி வை."

நான் சுருட்டப் போனேன். அம்மா என் கையைப் பிடித்தாள். அவள் கண் படத்தின் மேல் பக்கத்தில் இருந்தது. அங்கே, கடலுக்குமேல், வெள்ளி நிறத்தில் மீன்கள் இறக்கை விரித்துப் பறந்துகொண்டிருந்தன. எங்கள் தலைக்கு மேலும் பறந்தன, அவர்கள் தலைக்கு மேலும் பறந்தன.

"அய்ய, இது கோலா மீன்டி!" என்றாள் அம்மா. "அவங்க ஊர்லயும் கோலா கீது பாரேன்."

காசிமேட்டில் கோலா வரும் நாட்களில் அம்மாவைக் கையில் பிடிக்க முடியாது. அந்தத் தீவிலும் அதுதான் விசேஷச் சாப்பாடு என்று அக்கா பிறகு சொன்னாள். அம்மாவுக்கு அது போதுமாக இருந்தது. கோலா மீன் தின்கிற வீட்டில் பெண் இருக்கிறாள் என்று அக்கம்பக்கத்தில் சொல்லத் தொடங்கினாள். படம் பீரோவின் மேலே கிடந்தது. நைனா ஷிப்டுக்குப் போகும் நாட்களில் அம்மா அதை இறக்கி விரித்துப் பார்ப்பாள். தன் உருவத்தைத் தேடிப் பார்த்து, "என்னை ஒல்லியாக்கிட்டாங்க" என்பாள்.

சில வருஷத்தில் அம்மா போய்விட்டாள். சிறுநீரகம். டயாலிசிஸுக்கு வாரம்தோறும் ஆட்டோவில் கூட்டிப் போய்க் கூட்டி வந்தவள் நான். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. நான் செய்யாவிட்டால் செய்ய வேறு ஆள் இல்லை. அக்கா சாவுக்கு வந்தாள், தனியாக. அடக்கம் முடிந்து மறுநாள்தான் வந்து சேர முடிந்தது. நைனா அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவள் இருந்த வாரம் முழுவதும் ஒரு வார்த்தை பேசவில்லை. போகும்போது அக்கா அந்தப் படத்தைக் கடையில் கொடுத்து ஃபிரேம் போட்டு, கூடத்தில் தானே ஆணி அடித்து மாட்டிவிட்டுப் போனாள். நைனா அதைக் கழற்றச் சொல்லவில்லை. நிமிர்ந்து பார்க்கவுமில்லை. கூடத்தில் உட்கார்ந்தால் எதிரே அதுதான். அதைப் பார்க்காமல் இருப்பதற்கு அவர் எவ்வளவு பாடுபட்டிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

எனக்குக் கல்யாணம் நடக்கவில்லை. அதற்குப் பெரிய கதை ஒன்றும் கிடையாது. ஒவ்வொரு வருஷமும் வேறு ஏதாவது வேலை முன்னால் வந்து நின்றது. காலையில் சமைத்து வைத்துவிட்டு, டிரெய்லர் லாரிகள் அடைத்துக்கொண்டு நிற்கும் எண்ணூர் நெடுஞ்சாலையில் பஸ்ஸில் உட்கார்ந்து தூங்கி, யார்டில் இறங்கி, சாயங்காலம் அதே சாலையில் அதே லாரிகளுக்கு நடுவே தூங்கி வருவேன். அப்படித்தான் வருஷங்கள் போயின. நைனாவின் மறதி எப்போது தொடங்கியது என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது. நான் களைத்துப்போயிருந்ததால் கவனிக்கவில்லை. பெருங்காய டப்பாவைப் பிரிட்ஜில் வைத்தார். பென்ஷன் வாங்கப் போனவர், வேலை பார்த்த காலத்து ஷிப்டுக்குப் போவதுபோலத் துறைமுக வாசலில் போய் நின்றார். என்னை ஒருநாள் 'சிஸ்டர்' என்று கூப்பிட்டார். அம்மாவின் ஆஸ்பத்திரி நாட்களில் பார்த்த நர்ஸ் என்று நினைத்துக்கொண்டார் போல. அதன் பிறகு நான் பெரும்பாலும் சிஸ்டர்தான்.

எங்கள் பங்குக் கோயிலுக்குப் புதிதாக வந்திருந்த இளம் சாமியார் ஒருவர், கோயிலுக்கு வர முடியாதவர்களுக்கு நற்கருணை அப்பமான நன்மையைக் கொடுக்க வீடு வீடாக வந்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கொடுத்து முடித்துவிட்டுச் சுவரைப் பார்த்து, "யார் கல்யாணம் இது?" என்று கேட்டார். நான் வாய் திறக்கும் முன்பு நைனா பேசினார்.

"எம் பொண்ணு கல்யாணம் சாமி. பெரியவ. பார்படோசுல நடந்துச்சி. தோ, நாந்தான் கைய புடிச்சிகினு வந்தேன். இன்னா காத்து தெரியுமா அன்னிக்கி! ஒவ்வொரு அம்மா தொப்பியும் பறக்குது. சம்பந்தியம்மா என்னை ஆட இஸ்துகினு போய்ட்டாங்க. கோலா மீனு வறுத்து மலை மாதிரி குவிச்சி வெச்சிருந்தாங்க."

சாமியார் சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். "குடுத்து வெச்சவர் நீங்க" என்றார். அவர் போன பிறகு நான் நைனாவின் எதிரில் போய் நின்றேன். எனக்கு அன்று என்ன வேகமோ.

"நைனா, நாம போவல. நாம யாருமே போவல."

அவர் முகம் கலங்கியதை நான் மறக்கப்போவதில்லை. "போவலயா? பெத்த பொண்ணு கல்யாணத்துக்கு அப்பன் போவலயா?" என்றார். "யாரு போவ வேணான்னது?"

நான் சாமியார் குடித்துவைத்த தண்ணீர் டம்ளரை எடுத்தேன்.

"சொல்லு. யாரு அவன்? சட்டைய எடு, நா போய் கேக்கறேன்." எழுந்து, நாற்காலிக்கடியில் காலால் செருப்பைத் துழாவினார். அவரை உட்கார வைக்க எனக்கு வெகுநேரம் பிடித்தது. மறுநாள் காலை அது எதுவும் அவருக்கு நினைவில் இல்லை. பால் கொண்டுவந்தவரிடம் படத்தைக் காட்டி மறுபடி தொப்பிகள் பறந்த கதையைச் சொன்னார். அதன் பிறகு நான் திருத்தவில்லை. கதை நாளுக்கு நாள் வளர்ந்தது. ஒருநாள் மட்டும் படத்தில் அம்மாவுக்குப் பக்கத்தில் நின்ற என் உருவத்தைத் தொட்டு, "இவ என் சின்னப் பொண்ணு. எங்க போனாளோ, பாத்து ரொம்ப நாளாச்சி சிஸ்டர்" என்றார். நான் அவர் கால் நகத்தை வெட்டிக்கொண்டிருந்தேன். மற்றக் காலையும் வெட்டி முடித்தேன்.

அக்காவுக்கு இதையெல்லாம் போனில் சொன்னேன். "நல்லாத்தான் தப்பிக்கறாரு" என்றாள். "இந்தத் தடவ நா வந்து மூஞ்சிக்கு நேரா கேக்கப் போறேன். ஏன் வரலன்னு அவரு வாயால சொல்லணும்." அவர் மறதி எவ்வளவு தூரம் போய்விட்டது என்பதை அவள் நம்பவில்லை. போன வருஷம் மாமாவோடு வந்தாள். மாமா எங்கள் வீட்டுக்குள் வருவது அதுதான் முதல் தடவை. வாசல் நிலையில் இடிக்காமல் குனிந்து வந்தார். நைனா நாற்காலியில் இருந்தபடியே இரண்டு கையையும் நீட்டினார்.

"வாங்க மாப்ள, வாங்க. சம்பந்தியம்மா வர்லியா?"

மாமாவின் அம்மா இறந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை.  என்ன கேட்டார் என்று மாமா அக்காவிடம் கேட்டார், அவள் இங்கிலீஷில் சொன்னாள். அவர் நைனாவின் முன்னால் தரையில் உட்கார்ந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார்.

"அவங்க அம்மாவுக்கு முட்டி வலியாம். பிளேன் ஏற முடியலயாம்" என்றாள் அக்கா, எங்கோ பார்த்துக்கொண்டு.

"நா அன்னிக்கே சொன்னேன், அவ்ளோ ஆடாதீங்கன்னு" என்றார் நைனா. அக்கா அதையும் சொன்னாள். மாமா சத்தமாகச் சிரித்தார். சிரிப்பு முடிந்தும் நைனாவின் கையை விடவில்லை. கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டார்.

அக்கா சமையலறைக்கு வந்துவிட்டாள். நான் டீ போட்டுக்கொண்டிருந்தேன்.

"அவருதான் கைய புடிச்சிகினு கூட்டிகினு போனாராமே?" என்றாள். "நா தனியா நடந்தேன்டி. அந்த சர்ச்சு வாசல்லேர்ந்து தனியா. எல்லாரும் பாக்கறாங்க. காலு பின்னுது. பாதில அத்த எந்திரிச்சி வந்து என் கைய புடிச்சிகினாங்க. அவங்கதான் கூட்டிகினு போய் விட்டாங்க. படத்துல அந்த எடத்துல இவர வெச்சிட்டாங்க."

அது எனக்கு அதுவரை தெரியாது. படத்தில் மாமாவின் அம்மா எங்கே இருக்கிறார் என்று நான் ஒரு தடவைகூடத் தேடியதில்லை. கூடத்துக்குப் போய்ப் பார்த்தேன். தொப்பிக் கூட்டத்தின் கடைசியில், பாதி முகம் மட்டும் தெரிய, நின்றுகொண்டிருந்தார். சமையலறைக்குத் திரும்பினேன்.

"நா சண்ட போட வந்தேன்" என்றாள் அக்கா. "யார்கிட்ட போடுவேன்? அந்த ஆளே இல்லியே."

"அவருக்கு என் பேரே தெரியாதுக்கா" என்றேன். அவளை மடக்குவதற்காகச் சொல்லவில்லை. கோபப்படக்கூட எனக்குத் தெம்பில்லை. அவள் என்னை முழுசாக நிமிர்ந்து பார்த்தாள். என் கையிலிருந்த டீ வடிகட்டியை வாங்கிக்கொண்டாள்.

அன்று மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் நைனாவின் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நைனா, கல்யாணத்தன்னிக்கி என்னைக் கூட்டிகினு நடந்தீங்களே, அப்ப என்கிட்ட இன்னா சொன்னீங்க?"

நைனா தலையைத் திருப்பினார். படத்தைப் பார்த்தார். பிறகு தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பயமா கீதுன்னு சொன்னேன்" என்றார். "கிரேன்ல அம்மாம் ஒசரத்துல ஏறி குந்துவேன், ஒண்ணியும் தோணாது. அங்க வந்தா கை நடுங்குது. எல்லாரும் இங்கிலீஷு பேசறாங்க. சூட்டு, கோட்டு. நா இன்னா பேசுவேன்? உன் பேரு கெட்டுப் போய்டுமோன்னு நெனச்சேன். வராமயே இருந்துடலாம்னு பாத்தேன். அந்தம்மாதான் கைய புடிச்சி, வா வான்னாங்க."

 அக்கா சீப்பை எடுத்துவந்து அவருக்குத் தலை வாரிவிட்டாள். அதை மன்னிப்பு என்று நான் சொல்ல மாட்டேன். நர்ஸ் வேலை பார்ப்பவர்களுக்குக் கை சும்மா இருக்காது. அவர்கள் ஊருக்குக் கிளம்பிய அன்று டாக்ஸிக்குக் காத்திருந்தபோது அவளே பேச்சை எடுத்தாள்.

"பயம் மட்டும் இல்லடி. நம்ம ரெண்டு பேருக்கும் தெரியும்."

"தெரியும்" என்றேன்.

"ஆனா பயமும் இருந்திருக்கு."

அதற்கும் தலையாட்டினேன். அன்று போனில் அவர் சொன்ன வார்த்தைகள் எங்கள் இருவர் காதிலும் இன்னும் இருக்கின்றன. அவை அவர் வார்த்தைகள்தான். அவற்றை நினைவில் வைத்திருக்கும் வேலை இனி எங்களுடையது மட்டும் என்பதுதான் வித்தியாசம். மாமா போகும்முன் படத்தைச் செல்போனில் எடுத்துக்கொண்டார். அவர் அம்மாவின் கை வரைந்தது, வேண்டுமானால் எடுத்துப் போங்கள் என்று சொன்னேன். அவர் நைனாவைக் காட்டி, அவர் தினமும் அந்தக் கல்யாணத்துக்குப் போக வேண்டுமே என்று சொன்னதாக அக்கா மொழிபெயர்த்தாள்.

நைனா இந்த ஆடி மாசம் போனார். கோயிலில் அந்த இளம் சாமியார் பிரசங்கத்தில், மகளின் திருமணத்துக்காகக் கடல் கடந்து போன தகப்பன் என்று சொன்னார். கூட்டத்தில் இருந்த பழைய ஆட்கள் சிலர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் தலை நிமிரவில்லை. படம் இப்போதும் கூடத்தில்தான் இருக்கிறது. வேலைக்குப் போகிறேன், வருகிறேன். வந்ததும் ஓடிப் போய்ச் செய்ய வேண்டியது ஒன்றும் இல்லை என்பது இன்னும் உடம்புக்குப் பழகவில்லை. செருப்போடு சமையலறை வரைக்கும் போய்விட்டுத் திரும்புகிறேன்.

அவர் போவதற்குச் சில வாரங்களுக்கு முன்னால் ஒருநாள். லீவு போட்டிருந்தேன். காலையிலிருந்து படுக்கையை மாற்றி, துணி அலசி, தண்ணீர் லாரிக்கு நின்று குடம் குடமாகத் தூக்கி வந்து வைத்துவிட்டு, மத்தியானம் அவருக்குக் கஞ்சி கொண்டுவந்தேன். அப்போதெல்லாம் அவர் பேசுவதே குறைந்துவிட்டது. ஒரு வாய் வாங்கிக்கொண்டார். இரண்டாவது வாய்க்கு ஸ்பூனை நீட்டியபோது வாயைத் திறக்காமல் என்னையே பார்த்தார்.

"நீ துன்னியா?" என்றார்.

"அப்புறம் சாப்புடறேன் நைனா."

"அன்னிக்கும் இப்டிதான். அக்கா கல்யாணத்துல" என்றார். "எல்லாருக்கும் போட்டுகினே இருந்த. அந்தப் பந்தி, இந்தப் பந்தின்னு ஓடிகினே இருந்த. நீ ஒரு வாய் துன்னல. நா பாத்துகினுதான் இருந்தேன்."

ஸ்பூனைக் கிண்ணத்திலேயே வைத்தேன். அவர் கட்டிலின் விளிம்பைத் தட்டினார்.

"உக்காரு. காலு வலிக்கும். துன்னு."

உட்கார்ந்தேன். கஞ்சிக்கு உப்புப் போட மறந்திருந்தேன். அதையே சாப்பிட்டேன். கிண்ணம் காலியாகும் வரைக்கும் அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.